நான்கு டிஸ்கை எப்படி அடுக்குவது? கல்யாண ஸ்டூடியோ நாஸுக்கு ரெய்டு 5, 6, 10: ஓர் அலசல்

கல்யாணப் படம் எடுக்கும் சின்ன ஸ்டூடியோக்களில் நாஸ் (பல டிஸ்குகளைப் போட்டு, நெட்வொர்க் வழியாக எல்லோரும் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி) வாங்குவது இப்போது சாதாரணமாகிவிட்டது. இரண்டு வீடியோ எடிட்டர்கள், ஓர் ஆல்பம் டிசைனர், கார்டை எடுத்து வந்து காப்பி போடும் ஒருவர் என நாலு பேர் ஒரே இடத்தில் ஃபைல்களை வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். ஆளுக்கொரு வெளி ஹார்ட் டிஸ்கைக் கைமாற்றிக்கொண்டிருந்த காலத்தைவிட இது எவ்வளவோ மேல். வாங்கிய கையோடு வரும் கேள்வி, பல டிஸ்குகளை ஒன்றாக வேலை வாங்கும் ரெய்டு முறைகளில், நான்கு டிஸ்கையும் ரெய்டு 5-ல் போடுவதா, 6-ல் போடுவதா, 10-ல் போடுவதா என்பது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெய்டு எண்ணைத் தேர்ந்தெடுப்பதைவிடப் பெரிய முடிவு, நான்காவது டிஸ்கைப் பெட்டிக்குள் போடுவதா, பெட்டிக்கு வெளியே வைப்பதா என்பதுதான். கடைக்காரர் இதைக் கேட்கமாட்டார். செட்டப் திரையும் கேட்காது. ஆனால் தாலி கட்டும் நொடியை இன்னொரு முறை எடுக்க முடியாது. அந்தப் படத்தில் இருக்கும் பாட்டி அடுத்த வருடம் இருப்பாரா என்பதும் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்போடுதான் கீழே உள்ள ஒவ்வொன்றையும் எடை போட்டிருக்கிறேன்.

எண்கள் என்ன சொல்கின்றன

ரெய்டு என்ற ஏற்பாடு, பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் 1988-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையால் பெயர் பெற்றது. விலை உயர்ந்த ஒற்றைப் பெரிய டிஸ்குக்குப் பதிலாக மலிவான சின்ன டிஸ்குகள் பலவற்றைக் கூட்டாக வேலை வாங்கலாம் என்பது அவர்கள் வாதம். டிஸ்குகள் கூடக் கூட, அவற்றில் ஏதாவது ஒன்று போய்விடும் வாய்ப்பும் கூடும். கீழே விளக்கும் பேரிட்டியும், ஒரே தரவை இரண்டு டிஸ்கில் எழுதும் மிரரும் அதற்காகத்தான்.

நான்கு 8 டெராபைட் டிஸ்குகளை எடுத்துக்கொள்வோம். ரெய்டு 5-ல் 24 டெராபைட் கிடைக்கும், ஒரு டிஸ்க் போனால் தாங்கும். ரெய்டு 6-ல் 16 கிடைக்கும், எந்த இரண்டு போனாலும் தாங்கும். ரெய்டு 10-லும் 16-தான், அதில் டிஸ்குகள் இரண்டிரண்டாக மிரர் ஜோடிகளாக இருக்கும். ஆனால் போகும் இரண்டும் ஒரே ஜோடியாக இருந்தால் எல்லாம் போய்விடும். நான்கில் இரண்டு என்று பார்த்தால் ஆறு சேர்க்கைகள் வரும், அதில் இரண்டு மரண அடி. (இந்த 24 டெராபைட்டை விண்டோஸ் 21.8 என்றுதான் காட்டும். அது 1024-ஆல் வகுக்கும் கணக்கு, டிஸ்கில் குறையில்லை.)

பேரிட்டி என்பது எளிய கணக்கு. மூன்று எண்களையும் அவற்றின் கூட்டுத்தொகையையும் எழுதி வைத்தால், நான்கில் எது அழிந்தாலும் மற்ற மூன்றைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம் அல்லவா, அதேதான். இதற்கு ஒரு விலை உண்டு. சின்னதாக ஒன்றை மாற்றி எழுதினால் கூட்டுத்தொகையையும் திருத்த வேண்டும். அதனால் ரெய்டு 5-ல் ஒரு சின்ன எழுத்துக்குப் பழைய தரவைப் படி, பழைய பேரிட்டியைப் படி, புதிய இரண்டையும் எழுது என்று நான்கு வேலைகள். ரெய்டு 6-ல் ஆறு. ரெய்டு 10-ல் இரண்டே இரண்டு. சாதாரண ஹார்ட் டிஸ்க் நொடிக்குச் சுமார் 100 சிதறிய வேலைகளைத்தான் செய்யும். நான்கு டிஸ்குக்கு 400 என்று வைத்தால், ரெய்டு 10-ல் நொடிக்கு 200 சின்ன எழுத்துகள், ரெய்டு 5-ல் 100, ரெய்டு 6-ல் 67-க்குப் பக்கம்.

இந்தக் கணக்கைக் காட்டித்தான் "வேகம் வேண்டுமா, ரெய்டு 10 போடு" என்கிறார்கள். கணக்கில் தப்பில்லை. ஆனால் அது யாருக்குப் பொருந்தும் என்று பார்க்க வேண்டும். டேட்டாபேஸ் ஓடும் அலுவலகத்துக்கும், நாஸுக்குள் விர்ச்சுவல் மெஷின் ஓட்டுபவருக்கும் அது சரி. அங்கே எல்லாமே சின்னச் சின்ன எழுத்துகள்.

வேகத்தைத் தின்பது ஒயர்

ஸ்டூடியோவின் ஃபைல்கள் வேறு மாதிரி. 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் என்றால் 12.5 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. நான்கு கேமராவை அருகருகே வைத்து மல்டிகேம் எடிட் செய்தாலும் நொடிக்கு 50 எம்பிதான். ரா படங்கள் ஒவ்வொன்றும் 30 முதல் 50 எம்பி வரை. எல்லாம் நீளமான, தொடர்ச்சியான ஃபைல்கள். ஒரு 7200 சுற்று டிஸ்க் தனியாகவே நொடிக்கு 200 எம்பிக்கு மேல் தொடர்ச்சியாகப் படித்துத் தரும். தொடர்ச்சியாக எழுதும்போது பழைய பேரிட்டியைப் படித்துத் திருத்தும் வேலையும் பெரும்பாலும் வராது, ஒரு முழு வரிசையையே புதிதாக எழுதிவிடும்.

இப்போது ஒயரைப் பாருங்கள். கிகாபிட் நெட்வொர்க்கின் உச்சம் நொடிக்கு 125 எம்பி, கையில் கிடைப்பது 110 சொச்சம். அதாவது ஒற்றை டிஸ்கே ஒயரை நிரப்பிவிடும். இந்த நிலையில் ரெய்டு 6-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசம் எடிட்டரின் மேஜை வரை வந்து சேரவே சேராது. நாஸின் ஒரே போர்ட்டை நாலு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 27 எம்பி. "நாஸ் ஸ்லோவா இருக்கு" என்ற புகாரின் வேர் பல இடங்களில் இதுதான். அதற்காக டிஸ்குகளைக் கலைத்து ரெய்டு 10-க்கு மாறுவது வீண் செலவு.

அந்தக் காசை ஸ்விட்சில் போடுங்கள். நாஸுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே 10 கிகாபிட் இணைப்பு ஒன்று, எடிட்டர்களின் மெஷினுக்கு 2.5 கிகாபிட். 2.5-க்குக் கேபிளை மாற்றவே வேண்டாம், பழைய கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை தாங்கும். 10-க்கு கேட் 6 என்றால் 55 மீட்டர் வரை. ஒரு மாடிக் கடைக்கு அது தாராளம். இரண்டு கிகாபிட் போர்ட்டைச் சேர்த்துக் கட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். ஒருவர் ஒரு ஃபைலைக் காப்பி செய்யும்போது வழக்கமாக அதில் ஒரே ஒயரின் வேகம்தான் கிடைக்கும். பல பேர் சேர்ந்து இழுக்கும்போதுதான் பலன் தெரியும்.

ஒயரை அகலப்படுத்திய பிறகு அடுத்த முட்டுக்கட்டை டிஸ்கின் தலை. நாலு பேர் நாலு ஃபைலை ஒரே நேரத்தில் கேட்டால், தொடர்ச்சியான வேலை சிதறிய வேலையாக மாறிவிடும். இங்கே மிரர் கொஞ்சம் நன்றாக நிற்கும். இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தின் ரெய்டு-இசட்2 (ரெய்டு 6 போன்றது) அமைப்பில் ஒரு படிப்புக்குப் பல டிஸ்குகளும் சேர்ந்து நகர வேண்டியிருப்பதால், சிதறிய படிப்பில் அது ஏறக்குறைய ஒரு டிஸ்கின் வேகம்தான் தரும். நான்கு டிஸ்க் மிரர் அதைப்போல நான்கு மடங்கு. ஆனால் 100-ஐ 400 ஆக்குவதற்காக டிஸ்க் அமைப்பை முடிவு செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஓர் எஸ்எஸ்டி அதை ஆயிரக்கணக்கில் செய்யும். நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு இரண்டு எஸ்எஸ்டியை மிரராகப் போட்டு ஒரு தனி இடம் ஒதுக்குங்கள். இந்த வாரம் எடிட் ஆகும் கல்யாணங்கள் அதில் இருக்கட்டும், முடிந்தது பெரிய டிஸ்குக்குப் போகட்டும்.

எஸ்எஸ்டியை "கேஷ்" ஆக, அதாவது டிஸ்குக்கு முன்னால் ஒரு தற்காலிக இடமாகப் போடுவது இதற்கு மாற்றாக விற்கப்படுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. படிக்கும் கேஷ், திரும்பத் திரும்பப் படிக்கும் ஃபைலுக்குத்தான் உதவும். கல்யாண வீடியோவை எடிட்டர் ஓரிரு முறை ஓட்டுவார், அவ்வளவுதான். எழுதும் கேஷோ ஆபத்தானது. டிஸ்குக்கு இன்னும் போகாத தரவு அதில் இருக்கும்போது அது செத்தால், அந்த ஃபைல்களோடு மொத்த வால்யூமும் கெட்டுப் போகலாம். இசட்எஃப்எஸ்ஸில் சேர்க்கும் ஸ்லாக் என்ற எஸ்எஸ்டியும் பலரும் நினைப்பதுபோல் கேஷ் இல்லை. "டிஸ்கில் எழுதியாச்சு என்று உறுதி சொல்" என்று கேட்டு எழுதும் வேலைகளுக்கு மட்டும்தான் அது பயன்படும். விண்டோஸ் மெஷினிலிருந்து ஃபோல்டர் காப்பி செய்வது பொதுவாக அந்த வகையில் வராது. அந்த உறுதியையே அணைத்துவிட்டால் வேகம் கூடும் என்று சொல்லும் யோசனைகளும் உண்டு. கரண்ட் போனால் கடைசிச் சில நொடிகளில் எழுதியது எல்லாம் காணாமல் போகும், அதுவும் "எழுதியாச்சு" என்று சொல்லப்பட்ட பிறகு. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

லைட்ரூம் கிளாசிக் கேட்டலாக்கை நாஸில் வைக்க முடியாது, அந்த மென்பொருளே நெட்வொர்க்கில் இருக்கும் கேட்டலாக்கைத் திறக்காது. கேட்டலாக்கும் ப்ரிவியூவும் அவரவர் மெஷினில், ரா படங்கள் நாஸில் என்று பிரித்து வைத்தால் ஆல்பம் டிசைனரின் எரிச்சலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

டிஸ்க் போகும் அன்று

ஒரு டிஸ்க் போய், புதியதைப் போட்டு, அது நிரம்பி முடியும் வரை உள்ள நேரம்தான் ரெய்டின் உண்மையான சோதனை. 8 டெராபைட்டை நொடிக்கு 200 எம்பி வேகத்தில் எழுதினாலே 11 மணி நேரம். 20 டெராபைட் என்றால் 28 மணி நேரம். பக்கத்தில் எடிட்டிங்கும் நடந்தால் இதெல்லாம் இன்னும் நீளும். ரெய்டு 10 இதில் நல்லபடி நடக்கும், இறந்த டிஸ்கின் ஜோடியை மட்டும் படித்தால் போதும். ரெய்டு 5-ல் மிச்சமுள்ள மூன்றையும் முழுசாகப் படிக்க வேண்டும், 24 டெராபைட். அந்த நேரம் முழுவதும் அதற்குப் பாதுகாப்பே இல்லை. வழியில் ஒரு இடம் படிக்க வராமல் போனால், பழைய பாணி ரெய்டுகளில் சில அந்த வேலையையே கைவிட்டுவிடும். இசட்எஃப்எஸ் எந்த ஃபைல் கெட்டது என்று பெயர் சொல்லிவிட்டு மேலே போகும்.

வீட்டு உபயோக டிஸ்குகளின் விவரத் தாளில் 12.5 டெராபைட் படிப்புக்கு ஒரு பிழை வரலாம் என்ற அளவில் போட்டிருப்பார்கள். அதை வைத்து ரெய்டு 5 மீளவே மீளாது என்று பயமுறுத்துவது மிகை. நல்ல டிஸ்குகள் அதைவிட எவ்வளவோ நன்றாக ஓடுகின்றன. ஆனாலும் நான்கு டிஸ்கையும் ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து, ஒரே நாளில் வாங்கினால் அவற்றின் முதுமையும் ஒன்றாக வரலாம். இரண்டு கடைகளில் பிரித்து வாங்குவது செலவே இல்லாத பாதுகாப்பு.

வாங்கும்போது எஸ்எம்ஆர் வகை டிஸ்கா என்றும் பாருங்கள். அதில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருப்பதால் தொடர்ந்து எழுதும்போது படுத்துவிடும். ரீபில்டு, அதாவது போன டிஸ்குக்குப் பதில் போட்ட புதியதை நிரப்புவது, தொடர்ந்து எழுதுவதுதான். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில், நாஸுக்கென்றே விற்ற 2 முதல் 6 டெராபைட் டிஸ்குகள் சிலவற்றில் இந்த வகை இருந்தது வெளியே வந்து பெரிய சர்ச்சை ஆனது. அதற்குப் பிறகு, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகை டிஸ்குகளுக்கு ரெட் பிளஸ் என்ற பெயர் வந்தது.

அதே காசுக்கு நான்கு வழிகள்

ரெய்டு எதைத் தாங்காது என்பதற்கு, எனக்குத் தெரிந்து, ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் நடந்ததைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. சூப்பர் கம்ப்யூட்டரின் பகிர்வுச் சேமிப்பில் பழைய பதிவுகளை நீக்க வேண்டிய ஸ்க்ரிப்ட், ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்தப்பட்டதால் நிலை தவறி, ஆய்வாளர்களின் ஃபைல்களை அழித்தது. 77 டெராபைட், சுமார் 3.4 கோடி ஃபைல்கள். பாதிக்கப்பட்ட 14 குழுக்களில் நான்கின் தரவை மீட்கவே முடியவில்லை. அங்கே எந்த டிஸ்கும் பழுதாகவில்லை. அழி என்றார்கள், எல்லா டிஸ்குகளும் ஒழுங்காக அழித்தன.

அதே வருடம் ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற மால்வேர், இணையத்துக்குத் திறந்து வைக்கப்பட்டிருந்த க்யூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து, ஃபைல்களைப் பாஸ்வேர்டு போட்ட செவன்-ஜிப்பாக மாற்றி 0.01 பிட்காயின் கேட்டது. அங்கும் ரெய்டு 6-ஆல் ஒன்றும் செய்திருக்க முடியாது.

சரி, கையில் நான்கு டிஸ்க்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வழி நான்கும் ரெய்டு 6, 16 டெராபைட், பேக்கப் இல்லை. இரண்டாவது நான்கும் ரெய்டு 10, அதே 16, பேக்கப் இல்லை. மூன்றாவது வழியில் மூன்று டிஸ்க் ரெய்டு 5-ல் போகும். அதிலும் 16 டெராபைட்தான்! நான்காவது டிஸ்க் வெளியே வந்துவிடும். 8 டெராபைட் என்பதால் எல்லாவற்றையும் அது தாங்காது. ஆனால் வாடிக்கையாளருக்கு இன்னும் கொடுத்து முடிக்காத கல்யாணங்கள் எல்லாம் அதில் அடங்கும். நான்காவது வழி, இரண்டு டிஸ்க் மிரராக 8 டெராபைட், மற்ற இரண்டும் முழு பேக்கப்பாக, ஒன்று கடையில், ஒன்று வீட்டில், வாரம் ஒருமுறை மாற்றி மாற்றி.

மொத்தத் தரவு 8 டெராபைட்டுக்குள் இருந்தால் நான் நான்காவதைத் தயங்காமல் சொல்வேன். புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 என்ற வழக்கத்தில் மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். அதன் பெரும்பகுதி இதிலேயே நிறைவேறிவிடுகிறது. தரவு அதற்கு மேல் போனால் மூன்றாவது வழி. ரெய்டு 6-க்கு நான் வருவது பேக்கப் முழுசாக இருக்கும்போது மட்டும்தான். அப்போது அதன் வேலை தரவைக் காப்பது இல்லை. தை, மாசி முகூர்த்த நெருக்கடியில் ஒரு டிஸ்க் போனாலும் கடையில் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வது. அதற்கு அது மிக நல்ல ஏற்பாடு. ஆறு டிஸ்க், எட்டு டிஸ்க் பெட்டி என்றால் இரட்டைப் பேரிட்டியைத் தவிர வேறு யோசனையே வேண்டாம்.

பேக்கப் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதும் முக்கியம். நாஸ் போய் பேக்கப் பெட்டியில் எழுதுவதைவிட, பேக்கப் பெட்டி வந்து நாஸிலிருந்து இழுத்துக்கொள்வது நல்லது. நாஸைக் கைப்பற்றியவருக்கு பேக்கப்பின் பாஸ்வேர்டு கிடைக்காது. கேமரா கார்டை அழிக்கும் விஷயத்தில் ஒரே விதி: நாஸிலும் வெளி டிஸ்கிலும் இரண்டு பிரதி வந்த பிறகுதான் ஃபார்மேட். முழுவதையும் கிளவுடுக்கு ஏற்றுவது நம் அப்லோடு வேகத்துக்குச் சரிப்படாது. நொடிக்கு 100 மெகாபிட் முழுசாகக் கிடைத்தாலும் ஒரு டெராபைட்டுக்கு 22 மணி நேரம். முடித்துக் கொடுத்த படங்களையும் ஆல்பம் ஃபைல்களையும் மட்டும் ஏற்றலாம்.

எந்த மென்பொருள்?

நெட்ஆப் நிறுவனத்தின் 15 லட்சம் டிஸ்குகளை 41 மாதங்கள் கவனித்து 2008-ல் வெளியான ஆய்வில், டிஸ்க் பிழை என்று சொல்லாமலேயே தரவு மாறிப்போன சம்பவங்கள் நான்கு லட்சத்துக்கு மேல் பதிவாயின. வெறும் ரெய்டுக்கு இது தெரியாது. இரண்டு மிரர் டிஸ்கிலும் வேறு வேறு தரவு இருந்தால் எது சரி என்று அதனால் சொல்ல முடியாது. செக்சம் (தரவு மாறியதா என்று சோதிக்க உதவும் எண்) வைத்திருக்கும் ஃபைல் சிஸ்டத்தால்தான் முடியும். அதனால் இசட்எஃப்எஸ் அல்லது பிடிஆர்எஃப்எஸ், இரண்டில் ஒன்று கட்டாயம்.

தானே எல்லாம் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு ட்ரூநாஸ் என்ற நாஸ் மென்பொருளில் இசட்எஃப்எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் போன்விக்கும் மேத்யூ ஆரன்ஸும் தொடங்கிய இதில், பழைய தரவின் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதுவதால் பாதியில் கரண்ட் போனாலும் பேரிட்டியும் தரவும் முரண்படாது. ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து ஃபைல்களின் நிலையைப் பதிந்து வைப்பது) எடுப்பது நொடி வேலை. ரெய்டு-இசட்டில் ஒரு டிஸ்கைக் கூட்ட முடியாது என்ற பழைய குறையும் 2025 ஜனவரியில் வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3-ல் தீர்ந்தது. பெட்டி வாங்கினோம், ஓடட்டும் என்பவர்களுக்குச் சினாலஜி போன்ற நிறுவனங்களின் தயார் நாஸ் பெட்டிகள். சினாலஜியின் எஸ்எச்ஆர் என்ற ரெய்டு முறை வெவ்வேறு அளவு டிஸ்குகளை ஏற்கும். அடியில் லினக்ஸின் எம்டி ரெய்டும் மேலே பிடிஆர்எஃப்எஸ்ஸும் ஓடுவதால், பெட்டி செத்தாலும் டிஸ்குகளை ஒரு லினக்ஸ் மெஷினில் மாட்டித் தரவை எடுக்கலாம். பிடிஆர்எஃப்எஸ்ஸின் சொந்த ரெய்டு 5, 6-ஐ மட்டும் தொடவேண்டாம், அதை உருவாக்குபவர்களே பரிந்துரைப்பதில்லை. சினாலஜியில் பகிர்வு ஃபோல்டரை உருவாக்கும்போது செக்சம் பெட்டியை டிக் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள், பின்னால் போட முடியாது.

அன்ரெய்டு என்ற நாஸ் மென்பொருள் வேறு ரகம். ஒவ்வொரு ஃபைலும் முழுசாக ஒரே டிஸ்கில் இருக்கும்; பேரிட்டியைத் தாண்டி டிஸ்குகள் போனாலும் மிச்சமுள்ள டிஸ்குகளில் உள்ளவை தப்பும். வேகம் ஒற்றை டிஸ்க் அளவுதான், எழுதுவது அதைவிடக் குறைவு. முடிந்த கல்யாணங்களைக் கிடப்பில் வைக்க நல்லது, தினசரி எடிட்டிங்குக்கு வேண்டாம்.

எதை எடுத்தாலும் மாதம் ஒருமுறை ஸ்க்ரப் (எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்ப்பது) ஓட வேண்டும், நாஸுக்கு ஒரு யூபிஎஸ் வேண்டும். கடை இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று விடாதீர்கள். மாறும் அந்தக் கணத்தில் பெட்டி அணையலாம், பேட்டரி தீரப்போவதையும் அது நாஸுக்குச் சொல்லாது. யூஎஸ்பி ஒயரால் நாஸோடு பேசும் சின்ன யூபிஎஸ் போதும்.

ஆடி மாதம் கல்யாணம் இல்லாத நாட்களில் ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். நாஸைத் தொடாமல், பேக்கப் டிஸ்கை மட்டும் வைத்து, போன வருடக் கல்யாணம் ஒன்றை வேறொரு மெஷினில் முழுசாக மீட்டெடுங்கள். ஃபைல்களை எண்ணிப் பாருங்கள், வீடியோவை நடுவில் ஓட்டிப் பாருங்கள், ரா படங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று நாஸ் மேலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். எடிட்டர்களில் இன்னொருவருக்கும் இதைச் செய்யக் கற்றுக்கொடுங்கள், பாஸ்வேர்டு உங்கள் தலைக்குள் மட்டும் இருக்க வேண்டாம்.